கதவோரம் பையை மாட்டுங்கள், தோழர்களே!

எண்ணூர்த் தோழர்களே! கத்திவாக்கம், எர்ணாவூர், திருவொற்றியூர், மணலித் தோழர்களே! ஆலை வாசலில் ஷிப்டு மாறுகிறவர்களே, விடிவதற்குள் அன்னக்கூடையோடு காசிமேட்டுக்கு ஆட்டோ ஏறும் அக்காமார்களே!

புரட்டாசி பாதி போய்விட்டது. இன்னும் சில வாரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். நம் ஊருக்கு டிசம்பர் எப்படி வரும் என்பது நமக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை; அந்த வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கச்சா எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, முகத்துவாரம் வரை போனது. படகும் வலையும் தாரில் தோய்த்ததுபோல் ஆயின. எர்ணாவூரில் வீட்டுச் சுவரில் எண்ணெய் எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்குக் கோடு கிடந்தது. அதைச் சுரண்டித் துடைத்து மூன்று வாரம் ஆகவில்லை, சுனாமி வந்த அதே 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பத்தில் அம்மோனியா.

அந்த இரவை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. கசிந்தது உரத் தொழிற்சாலைக்குப் போகும் குழாய், அதுவும் கடலுக்குள் கிடந்த குழாய். கண் எரிகிறதே என்று எழுந்து, அடுப்படிக்குப் போய் சிலிண்டரை முகர்ந்து பார்த்தவர்கள் நம்மில் உண்டு. பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் என்று தெருத்தெருவாக ஜனம் இருமிக்கொண்டே வெளியே வந்தது. கிடைத்த ஆட்டோவில் ஏறினார்கள், ஏற இடமில்லாதவர்கள் நடந்தார்கள். மூச்சு முட்டியும் மயங்கியும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நமக்கு எச்சரிக்கை சொன்னது நம் மூக்குதான்.

இப்போது ஒன்று கேட்கிறேன், மனதில் கைவைத்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வண்டிச் சாவி எங்கே என்று பிரிட்ஜ் மேலேயும் டிவி ஸ்டாண்டிலும் தடவிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்? ஆயாவை யார் தூக்குவது என்று வாசலில் நின்று வாதம் செய்த வீடு எத்தனை? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஓடியவர் எத்தனை பேர்?

அதற்காகத்தான் இந்த அறைகூவல். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நம் பகுதியில் ஒவ்வொரு வீடும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு தெருவும் தன் ஆட்களை ஒருவர் விடாமல் எண்ணி வெளியே கொண்டுவரத் தயாராக இருக்க வேண்டும்.

உடனே ஒரு குரல் எழும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கசிவுக்குப் பிறகு நூறு நாளுக்கு மேல் பந்தல் போட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்த ஊர் இது. “நாம எதுக்குத் தோழர் கிளம்பணும்? கிளம்ப வேண்டியது குழாய்தானே?” நியாயமான கோபம். அந்தக் கோரிக்கையில் ஒரு எழுத்தைக்கூட நாம் குறைக்கப் போவதில்லை. ஆனால் வாயு வரும்போது அது கோரிக்கை மனுவைப் படித்துவிட்டு வராது. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் யாருக்கும் எது வருகிறது என்று தெரியவில்லை, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை. காற்றோடு சேர்ந்து ஓடியவர்களோடு வாயுவும் ஓடியது. அரசுக் கணக்கிலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பிழைத்தவர்களை, உன் நுரையீரல் கெட்டது அந்த வாயுவால்தான் என்பதற்குக் காகிதம் கொண்டுவா என்று வருடக்கணக்கில் அலையவிட்டார்கள். 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்தபோதும் ஆலையின் சங்கு ஊதவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் தெருவிலேயே விழுந்தார்கள். உயிரோடும் காகிதத்தோடும் வெளியே வந்து நிற்கிற ஊரால்தான் மறுநாள் காலை ஆலை வாசலில் போய் நின்று கேட்க முடியும். கிளம்பத் தயாராவதைப் பணிந்து போவதாக நினைக்கிற தோழர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், “எல்லாம் விதி” என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒடிசாவைக் காட்டுங்கள். 1999 பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2013இல் பைலின் புயல் அதே கடற்கரையில் ஏறியபோது பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. இடையில் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன, ஊர்தோறும் தொண்டர்கள் வந்தார்கள், ஒத்திகை நடந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2004இல் புதுச்சேரி பக்கம் நல்லவாடு குப்பத்தில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் போட்டுச் சொன்னார். மீனவர்களுக்கு வானிலை சொல்வதற்காக அங்கே மாட்டியிருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள், ஊரே மேட்டுக்குப் போய்ப் பிழைத்தது. ஒரு போன், ஒரு மைக், சொன்னதை நம்பி எழுந்து நடந்த ஜனம். இந்த மூன்றும் நம்மிடம் இல்லையா?

சரி, வேலைக்கு வருவோம். தண்ணீர் வேறு, வாயு வேறு. இந்த வித்தியாசத்தை முதலில் ஒவ்வொரு வீட்டிலும் பேசுங்கள். தண்ணீர் வரும்போது சில மணி நேரமாவது கிடைக்கும். பையை எடுக்கலாம், மெயினை அணைக்கலாம், சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றலாம், மிக்சியையும் அரிசி டின்னையும் பரண்மேல் ஏற்றலாம். வாயு வரும்போது கிடைப்பது நிமிடங்கள். அப்போது பை கைக்கு எட்டினால் எடு, எட்டாவிட்டால் விடு. பிள்ளையை எடு.

அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரைகிற வாயு. அதனால்தான் ஈரத்துண்டு. துண்டோ துப்பட்டாவோ, நன்றாக நனைத்து மூக்கையும் வாயையும் மூடி, காயக்காய மறுபடி நனைக்க வேண்டும். அது கவசம் ஆகிவிடாது. ஆனால் தெரு முனை தாண்டும்வரை உதவும். அதே தண்ணீர்ப் பாசம்தான் அதைக் கண்ணுக்கும் தொண்டைக்கும் எமனாக்குகிறது. எரிகிற கண்ணைக் கசக்காதீர்கள். வெளியே வந்ததும் குறைந்தது கால் மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள்.

எந்தப் பக்கம் ஓடுவது? காற்றோடும் ஓடக் கூடாது, வாயு வரும் திசையை நோக்கியும் ஓடக் கூடாது. காற்றுக்குக் குறுக்கே போக வேண்டும். நம் ஊர் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறும் கால்வாயும், நடுவில் தெற்கு வடக்காக எக்ஸ்பிரஸ் சாலை. கடல் பக்கமிருந்தோ மேற்கே ஆலைப் பக்கமிருந்தோ காற்று வாயுவைக் கொண்டுவந்தால் வடக்கிலோ தெற்கிலோ ஒதுங்கலாம். வாடைக்காற்று அதைக் கொண்டுவந்தால் தெற்கே ஓடிப் பயனில்லை, மேற்கே திரும்ப வேண்டும். ஆகவே ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு வழி முடிவாகியிருக்க வேண்டும். பகலில் ஒரு முறை, இருட்டில் ஒரு முறை பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். எந்தச் சந்து முனையில் பைக் அடைத்து நிற்கிறது, எங்கே சாக்கடை மூடி இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். காற்றைப் பார்க்கப் படகுக் கொடி போதும், கோயில் கொடி போதும், ஆலைப் புகைபோக்கி போதும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர் இது. கடலுக்குப் போய்ப் பழகிய பெரியவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த நைனாக்களை இந்த ஞாயிறு எழுப்பிக் கூட்டி வாருங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குக் காற்றுப் பாடம் அவர்கள் நடத்தட்டும்.

வாயு ஏற்கெனவே தெருவை நிறைத்துவிட்டது, வெளியே கால் வைக்க முடியாது என்றால்? உள்ளேயே இருங்கள். கதவு, ஜன்னல், எக்ஸாஸ்ட் ஓட்டை எல்லாவற்றிலும் ஈரத்துணியைத் திணியுங்கள், பேன் வேண்டாம், தெருவுக்கு எதிர்ப்பக்கத்து அறையில் எல்லோரும் கூடுங்கள், போனை எடுங்கள். 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர் அறைக்கு 1077, மாநகராட்சிக்கு 1913. இந்த எண்களைக் கரிக்கட்டியால் சுவரில் எழுதினாலும் சரி. செத்துப்போன செல்போனுக்குள் இருக்கும் எண்ணால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

இனி பை. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு அவசரகாலப் பை என்று விற்கிறார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லாப் புத்தகப் பை, போன வருடத்தது, ஜிப் பிய்ந்து பரணில் கிடக்கும். இறக்குங்கள், ஜிப்பைத் தையல்காரரிடம் கொடுத்து மாற்றுங்கள். வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டுங்கள். பீரோவுக்குள் வைத்தால் அது பையே இல்லை.

உள்ளே முதலில் காகிதம். ஏன் முதலில் காகிதம் என்று கேட்காதீர்கள். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடை டோக்கன் வழியாகத்தான் வந்தது. 2015 வெள்ளத்தில் சென்னை முழுக்க எத்தனை பேர் சான்றிதழ் கரைந்து போய் நின்றார்கள் என்றால், நகல் கொடுப்பதற்கென்றே அரசு தனி முகாம் நடத்த வேண்டி வந்தது. ஆகவே ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்புக், வீட்டு ஒதுக்கீட்டு ஆணை அல்லது பட்டா, மீனவர் நலவாரிய அட்டை, படகுப் பதிவு, முதல்வர் காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை, பிள்ளைகளின் மார்க்‌ஷீட்டும் டிசியும், எல்லாம் தண்ணீர் புகாத ஜிப் கவரில். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவருக்கு இன்றே அனுப்புங்கள். பள்ளிப் பிள்ளைகள் டிஜிலாக்கரில் ஏற்றித் தருவார்கள். இன்னொன்று, இதை எந்த அரசாங்கக் கையேடும் எழுதாது: அடகுக் கடை ரசீது. நம் வீட்டுப் பெண்களின் நகை கழுத்தில் இருக்கும் நாளைவிட அடகுக் கடையில் இருக்கும் நாள்தான் அதிகம். ரசீது நனைந்து எழுத்து அழிந்தால் கடைக்காரரிடம் நாம் படும் பாடு தனிக் கதை. குழுக் கடன் நோட்டும் அதே கவரில்.

அடுத்து மருந்து. சுகர், பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு, காசநோய், எதுவானாலும் ஒரு வாரத்து மாத்திரை தனியாகப் பையில் இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிற அக்காவிடம் இந்த மாதம் கேட்டு வையுங்கள். பழையதைத் தின்று புதியதைப் பையில் வையுங்கள், தேதி போகாது. இழுப்பு இருப்பவர்களின் இன்ஹேலர் பையில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று. அம்மோனியா வரும் இரவில் முதலில் சாய்கிறவர்கள் அவர்கள்தான். மருந்துச் சீட்டின் நகலும் வேண்டும். முகாமில் டாக்டர் கேட்டால் “அந்த வெள்ளை மாத்திரை” என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மற்றது சுருக்கம்தான். பொரி, பொட்டுக்கடலை, பிஸ்கட், ஓஆர்எஸ் பொடி, தண்ணீர் பாட்டில், டார்ச், விசில், பவர் பேங்க், ஒரு மாற்றுத் துணி, நாப்கின், கைக்குழந்தை இருந்தால் அதற்கு வேண்டியது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணம். கரண்ட் போனால் ஏடிஎம்மும் கிடையாது, ஜிபேவும் கிடையாது. வாசலில் செருப்பு, பட்டன் வைத்த நல்ல செருப்பு. எண்ணெய் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தோல் என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள். வண்டிச் சாவிக்கு அதே ஆணியில் ஒரு கொக்கி. கல்யாண ஆல்பமா? அதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், தூக்க வேண்டாம்.

பை வீட்டுக்கு. ஆனால் வீடு வீடாகத் தப்பிப்பது நம் வழக்கம் அல்ல, அதனால்தான் நாம் ஒருவரை ஒருவர் தோழர் என்கிறோம். பத்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு. அந்தப் பத்து வீட்டில் படுக்கையில் இருப்பவர் யார், கர்ப்பிணி யார், கண் தெரியாதவர் யார், அப்பா அம்மா இருவரும் நைட் ஷிப்டு போனால் தனியாகத் தூங்கும் பிள்ளைகள் யார், யாரிடம் ஆட்டோ, யாரிடம் குட்டியானை, எல்லாம் ஒரு நோட்டில். வாட்ஸப் குழுவை மட்டும் நம்பாதீர்கள். நோட்டு தெருவில் எல்லோரும் நம்புகிற ஒரு பெண்ணிடம் இருக்கட்டும்; நான்கு பேர் பார்வைக்குப் போகக்கூடிய விஷயமல்ல அது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இரண்டு பேர் பெயர் எழுதுங்கள், ஆயாவை யார் தூக்குவது என்ற வாதம் அன்றிரவு வரக் கூடாது.

“நான் வரல, நீங்க போங்க” என்று ஆயா சொல்வார். அதையும் இப்போதே பேசித் தீர்த்துவிடுங்கள். போன முறை முகாமில் கக்கூசுக்கு வரிசையில் நின்ற கொடுமைதான் பல பெண்களைக் கிளம்பவிடாமல் செய்கிறது. வீட்டைத் திருடன் திறப்பான் என்ற பயம், ஆட்டை யார் பார்ப்பது என்ற கவலை, இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆகவே முகாமாகப் போகிற மாநகராட்சிப் பள்ளியையும் சமுதாயக் கூடத்தையும் இந்த வாரமே பெண் தோழர்கள் போய்ப் பார்க்கட்டும். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மாடிப்படி ஏற முடியாதவருக்குக் கீழே இடம் உண்டா, ஆடு நாயைக் கட்ட மூலை உண்டா? இல்லை என்றால் அதுதான் நம் அடுத்த மனு.

ஷெட்டிலும் லாட்ஜ் மாதிரி அறைகளிலும் தங்கியிருக்கிற வடமாநிலத் தொழிலாளிகளை நோட்டில் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு நம் மைக் அறிவிப்பு புரியாது, நம் சந்து தெரியாது. கான்ட்ராக்டர் பட்டியலில் பல பேருக்குப் பெயரே இருக்காது, செத்தாலும் கணக்கில் வர மாட்டார்கள். இந்தி தெரிந்த ஒரு தோழர் அந்த அறைகளுக்குப் போய், ஈரத்துணியைக் காட்டி, வழியைக் காட்டி வர வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நாம் பிடிக்கிற கொடிக்கு அர்த்தமில்லை.

சைகை இரண்டே வகை. வாயு என்றால் விடாமல் விசில், தட்டு, மணி. கேட்டவர் எல்லோரும் தாங்களும் அடித்துக்கொண்டே கிளம்ப வேண்டும். தண்ணீர் என்றால் கோயில், மசூதி, மாதா கோயில், எது பக்கத்தில் இருக்கிறதோ அந்த மைக். யாரோ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டு ஓட வேண்டாம். தெருப் பொறுப்பாளர் 1077க்குப் பேசிவிட்டுச் சொல்லட்டும். வாயு விஷயத்தில் மட்டும் யாரையும் கேட்க வேண்டாம், மூக்கு சொன்னால் போதும். கிளம்பி ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தால் கேலி பேசாதீர்கள். 2012 ஏப்ரல் 11 சுமத்ரா நிலநடுக்கத்தன்று எச்சரிக்கை கேட்டு மேட்டுக்கு ஓடினோம், அலை வரவில்லை, திரும்பி வந்து சோறாக்கினோம். யாருக்கு என்ன நஷ்டம்?

இதையெல்லாம் நாம் செய்யும்போது ஆலையும் அரசும் தம் வேலையைச் செய்ய வேண்டும். அபாயகரமான ரசாயனங்களைப் பற்றிய 1989ஆம் ஆண்டு மத்திய விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடக்க வேண்டும். ஆலைக்கு வெளியே ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். சுற்றிலும் வாழ்கிறவர்களுக்கு என்ன ஆபத்து, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்னாலேயே தெரிவிக்க வேண்டும். விதி வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் தெருவுக்கு யாராவது வந்து சொன்னார்களா? அம்மோனியா என்றால் என்ன, அது எங்கே தேக்கி வைக்கப்பட்டிருக்கிறது, சங்கு ஊதினால் எத்தனை முறை ஊதும் என்று தமிழில் ஒரு நோட்டீஸ் வந்ததா?

கேட்போம். குப்பத்துக்குக் கேட்கிற சங்கு, காற்றின் திசை காட்டும் துணிக்கூம்பு, வெளிப்புற அவசரத் திட்டத்தின் தமிழ்ப் பிரதி, பருவமழைக்கு முன் நம்மையும் சேர்த்து ஒரு ஒத்திகை. நான்கே கோரிக்கை, ஒரே மனு.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தெருவாரியாகக் கூடுகிறோம். அரை மணியில் நோட்டு எழுதி முடித்து, இரண்டு வழியும் நடக்கிறோம். இருட்டியதும் மறுபடி நடக்கிறோம். திங்கள் காலை பத்து மணிக்கு மண்டல அலுவலகம். நைட் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் நேரே அங்கே வந்துவிடலாம். மனுவில் கையெழுத்துப் போட வரும் ஒவ்வொருவரும் கட்டி முடித்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாருங்கள். பை இல்லாமல் வருகிற பொறுப்பாளரைத் திருப்பி அனுப்புவோம், முதல் ஆளாக என்னையே ஆனாலும்.